முழு ஆல்பம் கேட்பது எப்படி? பாலக்காட்டு எல்லைக் காதுகளுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டில் தமிழ்ப் பாட்டு, பஸ்ஸில் மலையாளப் பாட்டு, கோயில் வேலை என்கிற திருவிழாவுக்குப் போனால் செண்டை, கல்பாத்தித் தேருக்குப் போனால் தெலுங்கில் தியாகராஜர். இதில் பாதி வார்த்தை நமக்குப் புரியாது. புரியவில்லை என்று யாரும் பாதியில் எழுந்து போவதும் கிடையாது. இப்படிப் பழகிய காதை வைத்துக்கொண்டு, ஜாஸ், ரெகே என்றதும் "அதெல்லாம் நமக்கு எட்டாதுங்க" என்று ஒதுங்குவதுதான் எனக்கு விளங்கவில்லை.

புது இசை ஒன்றுக்குள் நுழைய ஒற்றைப் பாட்டைவிட முழு ஆல்பம்தான் நல்ல வழி என்பது என் கட்சி. ஒற்றைப் பாட்டு பிடிக்கும் அல்லது பிடிக்காது, அதோடு முடிந்தது. நாற்பது நிமிடம் ஒரே குழுவோடு உட்கார்ந்தால், அவர்கள் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள், எதைக் கண்டுகொள்வதே இல்லை என்பது பிடிபட ஆரம்பிக்கும். அது பிடிபட்ட பிறகு ரசிப்பது தானாக வரும். எல்லாவற்றையும் மெலடி என்கிற ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தால் மட்டும் எதுவும் தேறாது.

முதலில் போனைச் சரிசெய்யுங்கள்

பாட்டு வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிளை அணைத்துவிடுங்கள். 2021ல் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதால்தான் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முதல் பொத்தானாகக் காட்டுவதை நிறுத்தியது. ஆனாலும் பழைய செட்டிங் சில போன்களில் அப்படியே கிடக்கும். அடுத்து கிராஸ்ஃபேட்: ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கிவிடுகிற வசதி இது. அதையும் அணையுங்கள். ஆட்டோபிளே இருந்தால், ஆல்பம் முடிந்த மறு நொடியே சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று ஓட ஆரம்பிக்கும். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் அமைதியும் வேண்டும், அதனால் அதுவும் வேண்டாம்.

தேடும்போது ஒரே ஆல்பம் நாலைந்து பதிப்பாக வரும். டீலக்ஸ், ஆண்டு நிறைவுப் பதிப்பு என்று பெயர் போட்டவற்றில் கடைசியில் ஒத்திகைப் பதிவுகளையும் மிச்சம் மீதியையும் ஒட்டியிருப்பார்கள். முதல் தடவைக்கு அசல் பாட்டு வரிசை எதுவோ அதை மட்டும் கேளுங்கள். விலை உயர்ந்த ஹெட்போன் அவசியமில்லை. ஆனால் போனின் சொந்த ஸ்பீக்கரில் அடித்தொண்டையில் முழங்கும் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது. ரெகேயில் பேஸ் போனால் பாட்டே போன மாதிரி.

எத்தனை நிமிடத்துக்குள் அடைத்தார்கள் என்று பாருங்கள்

ஆல்பத்தின் வருடத்தைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். 78 சுற்று இசைத்தட்டின் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கிடைத்தது. நம் கோட்டாயி பக்கத்துச் செம்பை வைத்தியநாத பாகவதர் காலத்து வித்வான்கள் கச்சேரியில் அரை மணி நேரம் பாடுவதை அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு "ஆலாபனை போதவில்லை" என்று குறை சொல்லக் கூடாது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் ராகத்தின் முகத்தை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது.

1948ல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். இன்று நாம் ஆல்பம் என்று சொல்வதன் உருவம் இதிலிருந்து வந்ததுதான்: இரண்டு பக்கம், நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட ஓர் இடைவேளை. 1982ல் சிடி வந்தது, எழுபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும். இடம் கிடைத்துவிட்டது என்பதற்காகவே நீட்டி முழக்கிய ஆல்பங்கள் 1990களில் ஏராளம், சொல்லப்போனால் அதில் பலவற்றைப் பாதியாக வெட்டலாம்.

எல்பி காலத்து ஆல்பத்தைக் கேட்கும்போது முதல் பக்கம் எங்கே முடிகிறது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆப் இதைக் காட்டாது. ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்' (1977) இதற்கு நல்ல உதாரணம். 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் அவர் வீட்டிலேயே அவரைச் சுட்டார்கள். உயிர் பிழைத்து லண்டன் போய் இதைப் பதிவு செய்தார். முதல் பக்கம் முழுக்க வேதாகம வாசம், கோபம், பெயர்ந்து போகும் மக்களின் நடை. தலைப்புப் பாட்டோடு அந்தப் பக்கம் முடிகிறது. இரண்டாம் பக்கத்தில் காதல், ஆட்டம், ஆறுதல். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் "என்ன இது, திடீரென்று இப்படி மாறிவிட்டது" என்று தோன்றும். நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் அந்த மாற்றம் சரியாக இருக்கும். இன்னொன்று, முதல் பாட்டு மிக மெல்லிய ஒலியில் தொடங்கித் தூரத்திலிருந்து நெருங்கி வரும். கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான ஆல்பங்களும் உண்டு. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936லும் 1937லும் டெக்சாஸில் 29 பாட்டுகளைப் பதிவு செய்தார், 1938ல் இறந்துவிட்டார். அவர் பாடியதில் ஒரு பகுதியைத் தொகுத்து எல்பியாக வெளியிட்டது 1961ல். அங்கே பாட்டு வரிசை அவர் தீர்மானித்தது அல்ல. அதை ஒரே மூச்சில் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு பாட்டு கேட்டு நிறுத்தினாலும் பாதகமில்லை.

முதல் முறை சும்மா கேளுங்கள்

படிக்க வேண்டாம், விமர்சனம் தேட வேண்டாம், பாட்டு வரிகளைத் திறக்க வேண்டாம். கச்சேரிக்குப் போய் உட்காருகிற மாதிரி உட்காருங்கள். பிடிக்காத பாட்டு வந்தாலும் தள்ளிவிடாதீர்கள். வர்ணத்தில் தொடங்கி, நடுவில் கனமான ராகத்தை விரித்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் துக்கடா என்கிற லேசான உருப்படிகளுக்கு இறங்கும் வரிசையை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தினார் என்பார்கள். அந்த வரிசை காதில் ஊறியவர்களுக்கு ஆல்பத்தின் வரிசையும் சீக்கிரம் பிடிபடும். எது வர்ணம், எது கனம், எது துக்கடா? மேற்கத்திய ராக் ஆல்பங்களில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டையும் ஆல்பத்தின் கடைசிப் பாட்டையும் கவனியுங்கள். கனமான சரக்கை அங்கேதான் பல நேரம் வைத்திருப்பார்கள்.

இரண்டாம் முறை கையில் தாளம் போடுங்கள்

என் கணக்கில் இந்த ஒரு படிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரும். சங்கீதம் கற்றவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தொடையில் தட்டத் தெரிந்தால் போதும்.

ஜாஸ் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக் குழுவின் 'டைம் அவுட்' (1959) எடுத்துக்கொள்ளுங்கள். 'டேக் ஃபைவ்' ஐந்து அட்சரம். கண்ட சாபு என்று நினைத்து 2+3 போட்டால் கொஞ்சம் இடறும். பியானோ வாசிப்பது 3+2. மாற்றிப் போட்டுப் பாருங்கள், கை அப்படியே பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதே ஆல்பத்தின் முதல் பாட்டு 'ப்ளூ ரோண்டோ' ஒன்பது. 2+2+2+3 என்று மூன்று தடவை, நான்காவது தடவை 3+3+3. இஸ்தான்புல் தெருவில் வாத்தியக்காரர்கள் வாசித்ததைக் கேட்டு ப்ரூபெக் எடுத்துக்கொண்ட நடை அது. 1958ல் துருக்கிக்குப் போன அதே பயணத்தில் அவர் குழு இந்தியாவுக்கும் வந்தது.

அப்புறம் இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973). இரண்டாம் பக்கம் தொடங்குவதே காசு குலுங்கும் சத்தம், கல்லாப்பெட்டி சத்தம், காகிதம் கிழியும் சத்தம் எல்லாம் சேர்ந்து. டேப்பை வெட்டி ஒட்டி ஏழு சத்தங்களை வட்டமாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஆமாம், ஏழு. மிஸ்ர சாபு தட்டினால் அப்படியே போகும். சாக்ஸஃபோன் முடிகிற வரை ஏழிலேயே ஓடிவிட்டு, கிட்டார் வந்ததும் நாலுக்குத் தாவும். உங்கள் கை தப்பும் இடம் எதுவோ, அதுதான் அவர்கள் மாற்றிய இடம். வாத்தியார் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. முழு ஆல்பமும் இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி அநேகமாக இல்லை. கிராஸ்ஃபேடை அணைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ரெகேயில் கிட்டார் அடிக்கு நடுவில் விழும். அதைத் தட்டை விட்டுத் தள்ளி எடுக்கும் அனாகத எடுப்பு என்று நினைத்துக் கேட்டால் தலை தானே ஆட ஆரம்பிக்கும்.

ஜாஸுக்குள் கரகரப்பிரியா வழியாக

ஜாஸுக்கு ஒரே ஓர் ஆல்பம் சொல்லச் சொன்னால் எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன்: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவானது. ஐந்தே உருப்படிகள். எல்லோரும் சொல்வதற்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், நமக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது.

முதல் உருப்படி 'சோ வாட்'. போனில் தம்பூரா ஆப் இருக்கும் அல்லவா, அதன் ஸ்ருதியை இரண்டு கட்டைக்கு வைத்து மெல்ல ஓடவிடுங்கள். அதன் மேல் இதைப் போடுங்கள். வாசிக்கும் ஸ்வரங்கள் முழுக்க ச ரி₂ க₂ ம₁ ப த₂ நி₂. கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்தான். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் கிடையாது, ஆகவே கரகரப்பிரியா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வீடு தெரிந்த வீடுதான். பதினாறு பார் (ஒரு பார் என்பது நாலு அட்சரம்) அப்படிப் போய், அடுத்த எட்டு பாருக்கு மொத்தமும் இரண்டரை கட்டைக்கு ஏறும். தம்பூரா சட்டென்று உரசுவது கேட்கும். பிறகு எட்டு பார் பழைய இடம். இந்த 32 பார்தான் ஓர் ஆவர்த்தனம் மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது.

தொடக்கத்தில் பேஸ் ஒரு கேள்வி கேட்கும், பியானோ இரண்டே கொத்தில் பதில் சொல்லும், பிறகு அந்தப் பதிலை ஊதுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அது பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒவ்வொருவராகக் கற்பனை ஸ்வரம் பாடப் போகிறார்கள். முதலில் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட், அப்புறம் சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன், அப்புறம் அதே வாத்தியத்தில் கேனன்பால் ஆடர்லி, கடைசியாகப் பில் எவன்ஸின் பியானோ. மைல்ஸ் இடம் விட்டு விட்டு ஊதுவார். கோல்ட்ரேன் இடமே விடமாட்டார். இந்த ஒரு வித்தியாசம் காதில் விழுந்துவிட்டால் ஜாஸ் கேட்கத் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். கடைசியில் எல்லோரும் பல்லவிக்குத் திரும்புவார்கள்.

ஒரு எச்சரிக்கை. அசல் எல்பியின் முதல் பக்கத்தில் ஸ்ருதி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பதிவு செய்த டேப் இயந்திரம் ஒன்று மெதுவாக ஓடியதால் வந்த கோளாறு. 1992க்குப் பிந்தைய பதிப்புகளில்தான் அதைத் திருத்தினார்கள். தம்பூராவோடு சேராமல் போனால் பழைய பதிப்பில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நீளமானவற்றுக்கு மேளம் கேட்ட அனுபவம் போதும்

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' (ஆல்பமாக 1978) ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நடுவில் நிறுத்தமே இல்லை. முதன்முதலாகக் கேட்கிறவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்பார்கள். கேரளக் கோயில்களின் பஞ்சாரி மேளம் கேட்டவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது.

பஞ்சாரியின் பதிகாலத்தில், அதாவது மெதுவான முதல் காலத்தில், தாள வட்டம் 96 அட்சரம். அடுத்தடுத்த காலங்களில் 48, 24, 12, கடைசியில் 6. முன்வரிசையில் நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள்: பதிகாலத்தில் கை உயர்ந்து, விரல் விரித்து, எங்கேயோ வெகுதூரத்தில் இருக்கும் ஒரு அடிக்காகக் காத்திருக்கும். அந்த அடி வந்ததும் அத்தனை கையும் ஒன்றாக இறங்கும். செண்டையின் உருட்டு ஜோராக இருந்தாலும் அவர்கள் காது இலத்தாளம் என்கிற கைத்தாளத்தின் மேல்தான். மேளத்தை நடத்தும் பிரமாணி ஜாடை காட்டியதும் காலம் மாறும்.

ரைக்கையும் அப்படியே கேளுங்கள். சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளான பதினொரு கார்டுகளை முதலில் வரிசையாக அறிமுகம் செய்வார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு பகுதியைக் கட்டுவார். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது வைப்ரஃபோன் மணி மாதிரி ஒலிக்கும். அங்கே பிரமாணி அதுதான். அந்த மணிக்காகக் காத்திருங்கள், மற்றது தானே நடக்கும். ரைக் 1970ல் கானாவுக்குப் போய் அங்குள்ள தோல் வாத்தியங்களைக் கற்றவர் என்பதால் இந்த உறவு வெறும் தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

எலக்ட்ரானிக் இசைக்கும் இதே மருந்து. ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் குழு 1974ல் வெளியிட்ட 'ஆட்டோபான்' ஆல்பத்தில் தலைப்புப் பாட்டு ஒன்றே ஒரு பக்கம் முழுக்க. நெடுஞ்சாலையில் கார் போவதுதான் விஷயம். பொள்ளாச்சி ரோட்டில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கேளுங்கள், வேறு விளக்கம் வேண்டாம்.

ஒரே உருப்படி, இரண்டு பதிவு

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஆல்பம் என்பது பெரும்பாலும் வேறொருவர் எழுதியதை இவர் எப்படி வாசிக்கிறார் என்பதுதான். ஆகவே ஒன்றாகக் கேட்காமல் ஜோடியாகக் கேளுங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைப் பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் 1955ல் ஸ்டுடியோவில் வாசித்தது 38 நிமிடத்தில் முடிந்தது. அதையே 1981ல் வாசித்தது 51 நிமிடம். ஏரியா என்கிற தொடக்க மெட்டு ஒன்று, அதை வைத்துக் கட்டிய முப்பது வேரியேஷன், மறுபடி அதே ஏரியா. தொடக்க ஏரியாவை மட்டும் இரண்டிலும் கேட்டு ஒப்பிட்டாலே போதும். முன்னதில் இளைஞர் ஓடுகிறார், பின்னதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நின்று வணக்கம் சொல்கிறார். மஞ்சப்பரை எம்.டி. ராமநாதனின் மெதுவான விளம்ப காலத்தில் மயங்கியவர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், பந்தயம் கட்டலாம். கூல்ட் வாசித்துக்கொண்டே முனகுவதும் பதிவில் கேட்கும். உங்கள் ஹெட்போனில் பழுதில்லை.

வார்த்தையை எப்போது பார்ப்பது

பொதுவாகக் கடைசியில். ஹிப்ஹாப்புக்கு மட்டும் விதிவிலக்கு, அங்கே வார்த்தைதான் வாத்தியம். கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' (2015) ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே ஒரு கவிதையைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டே வருவார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும், கடைசிப் பாட்டில்தான் முழுதாகும். அதை யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரியும். ஷஃபிளில் கேட்டவருக்கு இது எதுவுமே தெரியாது. வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள், வசவு நிறைய வரும், வீட்டில் ஸ்பீக்கர் வேண்டாம்.

நம் பக்கத்து ஆல்பங்கள்

சினிமாப் பாட்டுத் தொகுப்பை இந்த முறையில் கேட்டால் பல நேரம் ஏமாற்றம்தான். எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டுகள் ஒவ்வொன்றும் தனி உலகம். அவற்றைச் சேர்த்து வைப்பது படத்தின் கதை, தட்டில் இருக்கும் வரிசை அல்ல. படத்தோடு சம்பந்தமில்லாமல் ஆல்பமாகவே செய்தவற்றை எடுங்கள். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. மேலே சொன்ன கூல்ட் கேட்டுவிட்டு இதற்கு வந்தால், வி.எஸ். நரசிம்மனின் வயலின் எந்த நொடியில் எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்ல வரும்.

மலையாளத்தில் 'அவியல்' குழு 2008ல் குழுப் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டது. திருவனந்தபுரத்து ராக். கிட்டாரின் இரைச்சலுக்கு நடுவே நாட்டார் பாட்டு வரும். 'ஆடு பாம்பே' பாட்டு ஸ்ரீநாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. பாம்பாட்டிச் சித்தரைப் படித்தவர்களுக்கு அந்த அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. ராக் பிடிக்காத அப்பாவுக்குப் போட்டுக்காட்ட இதைவிடத் தோதான ஆல்பம் கிடையாது.

அடுத்ததை ஆள் வழியாகத் தேடுங்கள்

'இதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டார்கள்' என்று ஆப் காட்டுவது ஒரே வீட்டுக்குள் சுற்றவைக்கும். ஆல்பத்தில் வாசித்தவர்கள் பெயரைப் பாருங்கள், அதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போங்கள். 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம் (1976) அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவு, மொத்தம் மூன்றே உருப்படிகள். ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். மெக்லாஃப்லினைப் பிடித்தால் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ'வுக்கு (1970) போய்ச் சேரலாம். அதில் ஓர் உருப்படிக்குப் பெயரே 'ஜான் மெக்லாஃப்லின்'. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வாசித்த அதே மைல்ஸ்தானா என்று திகைக்க வைக்கும். முதல் தடவையிலேயே அதைப் பிடிக்க முயலாதீர்கள். விக்குவையும் ஜாகிரையும் பிடித்தால் அமெரிக்க ட்ரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் 'ப்ளானெட் டிரம்' (1991): நைஜீரியா, பிரேசில், போர்ட்டோ ரிக்கோ தோல் வாத்தியக்காரர்களோடு நம் கடம். உலக இசைக்கான முதல் கிராமி அதற்குத்தான் போனது. அதிலிருந்து நைஜீரிய ஆள் ஒருவரைப் பிடித்தால் ஃபெலா குட்டி ரொம்ப தூரமில்லை. அவர் ஆல்பங்கள் பலவற்றில் பக்கத்துக்கு ஒரே பாட்டு, பத்து நிமிடத்துக்கு மேல்.

ஒரு ஆல்பம் இரண்டு முறை கேட்டும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பெயரையும், எந்தப் பாட்டில் அலுத்தது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் எப்போதாவது வேறு வழியாக அதே ஆளிடம் வந்து சேரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.